மிருதங்கத்துக்கு மட்டும் ஏன் சுருதி? நாதம் மரத்திலா, தோலிலா?

மகளுக்கு மிருதங்கம் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "இது பழைய பலா சார், நாதமே மரத்துலதான் இருக்கு" என்று சொல்லி மற்றதைவிட இரண்டு மடங்கு விலை கேட்டிருக்கிறார். பறையும் தோல்தான், டிரம்ஸும் தோல் மாதிரிதான், அதையெல்லாம் யாரும் பாட்டுக்காரரின் கட்டை (அவர் பாடும் சுருதி அளவு) கேட்டுச் சேர்ப்பதில்லை, மிருதங்கத்துக்கு மட்டும் எங்கிருந்து சுருதி வருகிறது, அது அந்த மரத்தால்தானா என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, தோல் வாத்தியத்தில் சுருதி எப்படிப் பிறக்கிறது. இன்னொன்று, கூடுதலாகக் கேட்கும் பணம் எதற்குப் போகிறது. முதலாவதற்கு உறுதியான பதில் இருக்கிறது, இரண்டாவதற்குப் பாதிதான் உறுதி.

நான் கல்லூரியில் ஒலியியல் நடத்தியவன், மிருதங்கமும் கற்றுக்கொண்டவன், கச்சேரி வாசிக்கும் அளவுக்கு இல்லை. மூட்டு, அதாவது வாயில் பூட்டும் தோல் தொகுதியை மாற்றும் பட்டறைகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த நேரம்தான் அதிகம். சுருக்கமாகக் கேட்டால், சுருதி தோலில் இருக்கிறது, அதிலும் வலந்தலை என்னும் வலப் பக்கத் தோலின் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பு வட்டத்தில் இருக்கிறது. மரத்துக்கும் வேலை உண்டு, ஆனால் கடைக்காரர் சொன்ன வேலை அல்ல.

வெறும் தோலிலிருந்து தொடங்குவோம். வீணைக் கம்பியை மீட்டினால் அது ஒரே சமயத்தில் பல விதமாக அதிரும். முழுக் கம்பியும் ஒன்றாக, இரண்டு பாதியாக, மூன்று பங்காக என்று. இவற்றின் அதிர்வெண்கள் 1, 2, 3, 4 என்று முழு எண் விகிதத்தில் அமைவதால் நம் காது அத்தனையையும் சேர்த்து ஒரே சுரமாக எடுத்துக்கொள்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலும் பல விதமாகத்தான் அதிர்கிறது, ஆனால் அந்த விகிதம் ஒழுங்காக வராது. ஒரே சீரான தோலுக்குக் கணக்குப் போட்டால் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று போகும். எதுவும் எதோடும் சேராது. காதுக்கு இது சுரமாகப் படாமல் 'தம்' என்ற ஒரு சத்தமாகப் படுகிறது. ஏறின சத்தம், இறங்கின சத்தம் என்று சொல்லலாம், இது ஷட்ஜம் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. பறையும் பெரும்பாலான டிரம்களும் இங்கேதான் நிற்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெட்டவெளியில் ஆட்டத்துக்கு அடிக்கும் பறைக்கு ஒரு குறிப்பிட்ட சுரத்தில் நிற்க வேண்டிய தேவையே இல்லை, அந்த அதிரடிதான் அதன் அழகு.

இந்த ஒழுங்கற்ற தோலை ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் கரணை என்னும் அந்தக் கறுப்பு வட்டத்தின் வேலை. சோறு என்றும் சொல்வார்கள், மருந்து என்றும் சொல்வார்கள். இதை முதலில் அறிவியலாக எழுதியவர் நம் சி. வி. ராமன். ஒளிச்சிதறலுக்கு 1930-இல் நோபல் வாங்கியவர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும், அதற்கு முன்பே கல்கத்தாவில் இருந்த காலத்தில் வீணை, வயலின், தோல் வாத்தியம் என்று அவர் செய்த வேலை ஏராளம். 1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார், 1934-இல் விரிவாக ஒரு கட்டுரை. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, விரலை ஓர் இடத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தார். அதிராத கோடுகளில் மணல் போய் ஒதுங்கும், அந்தக் கோலத்தைப் பார்த்தால் எந்த அதிர்வு நடக்கிறது என்று தெரிந்துவிடும். அவர் கண்டது இதுதான்: தோலின் முதல் ஒன்பது விதமான அதிர்வுகளும் வெறும் ஐந்து அதிர்வெண்களில் வந்து அடங்கிவிடுகின்றன, அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் நிற்கின்றன. முதலும் இரண்டாவதும் தனித்தனி, மூன்றில் இரண்டு அதிர்வுகள், நான்கில் இரண்டு, ஐந்தில் மூன்று. சும்மா இருந்தால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் அதிர்வுகள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து நிற்பது தற்செயலாக நடக்கக்கூடிய விஷயம் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் காதை மட்டும் வைத்துக்கொண்டு யாரோ இதைச் செதுக்கிச் செதுக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எப்படி நடக்கிறது என்றால், நடுவில் கனம் ஏற்றினால் எந்த அதிர்வில் நடுப்பகுதி அதிகம் ஆடுகிறதோ அதன் அதிர்வெண் நன்றாக இறங்கும். நடுப்பகுதி அதிகம் ஆடாத அதிர்வு குறைவாகத்தான் இறங்கும். முதல் அதிர்வில் நடுதான் மேலும் கீழுமாகப் பாய்கிறது, அடுத்ததில் நடுவில் கோடு விழுந்து இரு பக்கமும் மாறி மாறி ஆடுகிறது. ஆகவே முதலாவது அதிகம் இறங்க, 1.59 என்று இருந்த இடைவெளி விரிந்து விரிந்து 2-க்கு வந்து நிற்கிறது. மற்றவையும் இதே போல் நகர்ந்து தங்கள் இடத்துக்கு வருகின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராமகிருஷ்ணாவும் சோந்தியும் 1954-இல் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார்கள், நடுவில் ஒரு கனமும் ஓரத்தில் வேறொரு கனமும் உள்ள தோல் என்று எடுத்துக்கொண்டால் ராமன் அளந்ததற்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. பிறகு தாமஸ் ராசிங் என்ற அமெரிக்க ஒலியியலாளர், கரணை ஒவ்வொரு படலமாக ஏற ஏற அதிர்வெண்கள் எப்படி நகர்கின்றன என்று அளந்து பார்த்தார். இதெல்லாம் இன்று சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி.

கரணை போடுவதை ஒரு முறையாவது நேரில் பாருங்கள். கிட்டக்கல் என்னும் கறுப்புக் கல்லைப் பொடித்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, சின்னச் சின்ன அளவாக எடுத்து வட்டமாகத் தேய்த்து, வழவழப்பான கல்லால் அழுத்தி அழுத்தி இழைத்து, காய்ந்த பிறகு அதன்மேல் அடுத்த படலம். நடுவில் தடிமனாகவும் ஓரம் போகப் போக மெலிந்தும் வர வேண்டும். இழைக்கும்போது அதில் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள் கரணை உடைந்துவிட்டது என்று பயப்படுவார்கள். அந்த வெடிப்பு வேண்டும். வெடிப்பே இல்லாமல் ஒரே தகடாக இறுகிவிட்டால் தோல் வளைய முடியாது, கனம் ஏறும் ஆனால் விறைப்பும் ஏறிவிடும், கணக்கு மொத்தமும் கெட்டுப்போகும். வெடிப்பு இருப்பதால் கனம் மட்டும் தோலோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்து ஆடுகிறது.

மேற்கத்திய இசையில் டிம்பனி என்று செம்புக் கொப்பரை போல ஒன்று இருக்கும், அதற்கும் சுரம் உண்டு, ஆனால் கரணை கிடையாது. அங்கே கனம் ஏற்றுவது காற்று. அகலமான தோல் ஆடும்போது மேலும் கீழும் உள்ள காற்றையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது, அந்தச் சுமையால் சில அதிர்வுகள் இறங்கி கிட்டத்தட்ட 2, 3, 4, 5 என்ற விகிதத்துக்கு வருகின்றன. அவர்கள் ஓரத்தை ஒட்டி அடிப்பதும் அந்த அதிர்வுகளைத் தூண்டத்தான்.

இனி அடிக்கும் இடம். ஒரே தோலில் 'நம்', 'தின்', 'சாப்பு' என்று வேறு வேறு குரல் வருவது விரல் எதைத் தூண்டுகிறது, எதை அடக்குகிறது என்பதால்தான். 'நம்' வாசிக்கும்போது மோதிர விரல் கரணை ஓரத்தில் லேசாகப் பட்டுக்கொண்டிருக்கும், ஆள்காட்டி விரல் மீட்டின் (சுற்றிலும் உள்ள தோல் வளையத்தின்) ஓரத்தில் விழும். விரல் பட்ட இடம் அசையாது. ஆகவே முழுத் தோலும் ஒன்றாக எழும் முதல் அதிர்வு அடங்கி, விரலுக்கு அடியில் கோடு விழும் அதிர்வுகள் மட்டும் ஓங்குகின்றன. ராமன் மணலில் பார்த்ததும் இதைத்தான். உங்கள் மகளுடைய ஆசிரியர் "மோதிர விரலை அழுத்தாதே, தொட்டுக்கொண்டு மட்டும் இரு" என்று மாதக்கணக்கில் சொல்லப் போகிறாரே, அதன் பின்னால் இருக்கும் பௌதிகம் இது. விரல் கொஞ்சம் தள்ளினாலே, கொஞ்சம் அழுத்தினாலே வேண்டிய அதிர்வும் சேர்ந்து செத்துவிடும். அதேபோல் எந்தத் தோலையும் சரியாக நடுவில் அடித்தால் சத்தம் பெரிதாக வந்து சட்டென்று அடங்கும், ஓரத்தில் அடித்தால் மெல்லியதாக நீண்டு ரீங்கரிக்கும். முழுத் தோலும் ஒன்றாக எழும்போது காற்றை நன்றாகத் தள்ளுகிறது, தன் சக்தியை வேகமாகச் செலவழித்துவிடுகிறது. பாதி மேலே பாதி கீழே என்று ஆடும்போது ஒரு பக்கம் தள்ளிய காற்றை மறுபக்கம் இழுத்துக்கொள்வதால் வெளியே போவது குறைவு, அதனால் நிற்கும் நேரம் அதிகம். இது பறைக்கும் பொருந்தும், டிரம்ஸுக்கும் பொருந்தும். பறையின் மெல்லிய சிண்டுக்குச்சி, தடித்த அடிக்குச்சி இரண்டும் வேறு வேறு குரலில் பேசுவதற்கு ஒரு காரணம் இது, இன்னொரு காரணம் மெல்லிய குச்சி தோலைத் தொட்டு விலகும் நேரம் குறைவு என்பதால் மேல் அதிர்வுகள் அதிகம் கிளம்பும்.

சுருதி சேர்ப்பது என்பது இழுவிசையை மாற்றுவது. இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரண்டு மடங்காகும், அதாவது ஒரு ஸ்தாயி ஏறும். அரைக் கட்டை ஏற்ற இழுவிசையைச் சுமார் 12 சதவீதம் கூட்ட வேண்டும். இதனால்தான் ஒரே மிருதங்கத்தை ஆண் குரலுக்கு ஒரு கட்டையிலும் பெண் குரலுக்கு ஐந்து கட்டையிலும் வைத்து வாசிக்க முடியாது. ஒன்று, தோல் தாங்காது, இல்லையென்றால் தொய்ந்து நாதம் போய்விடும். அதற்குத்தான் 22 அங்குலத்தை ஒட்டிக் குட்டையாக ஹெச்சு ஸ்தாயி (மேல் சுருதி) மிருதங்கம் ஒன்றும், 24 அங்குலத்தை ஒட்டித் தக்கு ஸ்தாயி (கீழ் சுருதி) மிருதங்கம் ஒன்றும். உங்கள் மகள் எதை வாசிக்கப் போகிறாள் என்று ஆசிரியரிடம் கேட்காமல் கடைக்குப் போயிருந்தால், மரத்தைவிட அதுதான் முதல் கேள்வி.

ஏற்றுவது சுலபம், எல்லாக் கண்ணும் ஒன்றாக நிற்க வைப்பதுதான் கஷ்டம். வலந்தலையில் வார் ஏறி இறங்கும் 16 கண்கள் இருக்கின்றன. கல்லாலும் புல் என்னும் மரத்துண்டாலும் பின்னலை மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரு பக்கம் கொஞ்சம் இறுகி அதற்குக் குறுக்குத் திசை கொஞ்சம் தளர்ந்திருந்தால், பாதி பாதியாக ஆடும் அந்த அதிர்வு இரண்டாகப் பிரிந்துவிடும், ஒரு திசையில் ஓர் அதிர்வெண், குறுக்கே வேறொன்று. இரண்டுக்கும் வினாடிக்கு மூன்று அதிர்வு வித்தியாசம் என்றால் அந்த நாதம் வினாடிக்கு மூன்று முறை வீங்கி வீங்கி அடங்கும். அலை அலையாகக் கேட்குமே, அதுதான். புது மிருதங்கம் நன்றாக இல்லை என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் அனுமானம். கண்களைச் சரிசெய்தால் அதே வாத்தியம் வேறு வாத்தியம் போலப் பேசும்.

தொப்பி என்னும் இடப் பக்கத்தில் நிரந்தரக் கரணை கிடையாது, வாசிக்கும் முன் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள், முடிந்ததும் சுரண்டிவிடுவார்கள். ஈர ரவை கனத்தையும் கூட்டுகிறது, மேல் அதிர்வுகளையும் விழுங்குகிறது, அதனால் அடித்தொண்டையில் பேசுவது போன்ற அந்தக் குரல். வாசிக்க வாசிக்க ரவை காயும், குரல் மாறும், நடுவில் தண்ணீர் தொட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தலைக்கும் நடுவில் அடைபட்ட காற்று இருப்பதால் ஒன்று மற்றதைத் தொடுகிறது. ஆனால் எல்லா அதிர்வையும் சமமாகத் தொடுவதில்லை. முழுத் தோலும் எழுந்து விழும் அதிர்வு உள்ளே இருக்கும் காற்றை அமுக்குகிறது, அது தொப்பி வரை போய்ச் சேரும். பாதி பாதியாக ஆடும் அதிர்வு மொத்தத்தில் காற்றை அமுக்குவதே இல்லை. ஆகவே தொப்பியைக் கையால் அடக்கிக்கொண்டு வலந்தலையைத் திறந்து அடித்தால் வித்தியாசம் தெரியும், 'நம்' வாசித்தால் அதிகம் தெரியாது. வீட்டில் செய்து பாருங்கள்.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் ஈரத்தைக் குடித்தால் நீளும், கனக்கும், சுருதி இறங்கும். காய்ந்தால் இறுகி ஏறும். பறையை அடிக்கும் முன் நெருப்பில் காட்டுவது இதற்குத்தான். கஞ்சிராவில் நேர்மாறு, உள்ளே தண்ணீர் தடவி வேண்டுமென்றே இறக்குவார்கள். (கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் வழக்கம். உடும்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அதை வாங்குவதோ விற்பதோ குற்றம். யாராவது 'அசல்' என்று காட்டினால் நகர்ந்துவிடுங்கள்.) மார்கழி இரவில் வெளியே சேர்த்துக்கொண்டு போன மிருதங்கம் ஏசி அரங்கில் நிற்காமல் ஏறிக்கொண்டே இருப்பதும் இதே கதை. டிரம்ஸ்காரர்கள் இந்தத் தொல்லையிலிருந்து 1950-களிலேயே தப்பித்துவிட்டார்கள், மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் வந்துவிட்டது.

இப்போது மரம். உறுதியாகச் சொல்லக்கூடியது: மரச்சுவர் தோலைவிடப் பல மடங்கு கனமானது, விறைப்பானது, ஆகவே அது தானாக அதிர்ந்து அனுப்பும் சத்தம் மிகக் கொஞ்சம். நாம் கேட்பது தோலையும் உள்ளிருக்கும் காற்றையும்தான். சுவர் அசையாமல் நிற்பதுதான் அதன் பெருமை, அசைந்தால் தோலின் சக்தியைத் தின்றுவிடும். அடர்த்தியான பலா இதை நன்றாகச் செய்கிறது. வாய் சுத்தமான வட்டமாக, ஓரம் சீராக இருக்க வேண்டும், உள்குடைவு சரியாக இருக்க வேண்டும், அதைப் பொறுத்துத்தான் உள்ளே எவ்வளவு காற்று என்பது. பழைய மரத்தின் உண்மையான சிறப்பு, அது ஏற்கெனவே காய்ந்து முடிந்தது என்பது. பச்சை மரத்தைக் கடைந்தால் காயும்போது வளையும், வாய் லேசாக முட்டை வடிவம் ஆகும், அப்புறம் 16 கண்ணும் என்றைக்கும் சேராது. இந்த அளவுக்கு மரத்துக்குப் பணம் கொடுக்கலாம்.

சந்தேகத்துக்குரியது இதற்கு மேலே சொல்லப்படுவது. கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த மரம், இந்த ஊர்ப் பலா, அந்த ஊர்ப் பலா. இவற்றுக்கு ஒலியியலில் பிடிமானம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஃபைபர் உடலில் நல்ல தோல் மூட்டு போட்டால் பலாவுக்கு எவ்வளவு பக்கத்தில் வரும் என்பதில் வித்வான்களே இரண்டு கட்சி. எனக்குக் கேட்டவரை 'நம்' ஒன்றில் வித்தியாசம் சொல்வது கடினம், திறந்த அடியிலும் தொப்பியிலும் கொஞ்சம் தெரிகிறது, ஆனால் என் காது என் எதிர்பார்ப்பைத்தான் கேட்கிறதா என்று நானே சத்தியம் செய்ய மாட்டேன்.

மரத்துக்குக் கொடுக்கும் பெயரில் கால்வாசிகூட மூட்டு செய்பவருக்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். வலந்தலை ஒரே தோல் அல்ல. ஒலிப்பது ஆட்டுத்தோல், அதற்கு மேலே வளையமாக மாட்டுத்தோல், உள்ளே கரையில் இன்னொன்று, ரீங்காரம் கூட்ட நடுவில் ஈர்க்குச்சியோ கப்பியோ (பொடிக்கல்). எந்தத் தோல், எந்தப் பாகம், எவ்வளவு மெல்லியது, எங்கே வெட்டுவது, எல்லாம் கைப்பழக்கம். பாலக்காடு மணி ஐயரின் நாதம் என்று நாம் கொண்டாடுவதில் அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவின் கையும் இருக்கிறது. தோலைப் பொறுக்கும் மூட்டுக்காரர்களுடைய விதிகளில் எது பௌதிகம், எது வெறும் பழக்கம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அவர்கள் தொட்டுப் பார்த்துத் தள்ளிவைத்த தோல்கள் என் கண்ணுக்கு நல்ல தோலாகத்தான் தெரிந்தன.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், அந்த இரண்டு மடங்கு விலையைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. விரிசல் இல்லாத, நன்றாகக் காய்ந்த, நடுத்தர விலைப் பலா உடல் போதும். வாயின் குறுக்களவை இரண்டு மூன்று திசையில் டேப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மூட்டு போடாத உடலாக இருந்தால் சுலபம். தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போய் எல்லாக் கண்ணிலும் 'நம்' வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அலை அடித்தால் அங்கேயே சேர்த்துத் தரச் சொல்லுங்கள், சேர்த்தும் சேராவிட்டால் வேறு பாருங்கள். கரணையில் வெடிப்பு இருக்கலாம், பொடி உதிரக்கூடாது. வீட்டில் சேர்க்கத் தெரிந்தவர் இல்லையென்றால் நட்டு போல்ட்டு வைத்தது வாங்குவதில் தப்பில்லை, கொஞ்சம் கனம், ஆனால் ஸ்பேனர் இருந்தால் போதும். மிச்சப்படும் பணத்தை நல்ல மூட்டுக்காரர் ஒருவரிடம் அடுத்த மூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தினமும் சாதகம் செய்யும் பிள்ளைக்கு அது நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் தேவைப்படும்.